சம்பவம், ஆணி, பூமர்: குழுவின் சொல் ஊர்ச்சொல் ஆவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்தாவது படிக்கும் என் மகள் முந்தின நாள் மேட்சின் ஹைலைட்ஸை போனில் பார்த்தபடி, "தாத்தா, நேத்து சேப்பாக்கத்துல தரமான சம்பவம், தெரியுமா?" என்றாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். கையிலிருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"யாரை?" என்றார்.

அப்பா வடசென்னைக் காவல் நிலையங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். அதில் பாதிக் காலம் ஸ்டேஷன் ரைட்டர். 'சம்பவம்' என்று காதில் விழுந்தால் அவருக்கு அடுத்து வருவது மூன்று கேள்விகள்: யாரை, எங்கே, எத்தனை மணிக்கு. என் மகளுக்கோ அது கடைசி ஓவரில் பறந்த சிக்ஸர். ஒரே கூடம், ஒரே சொல், நடுவில் ஐம்பது ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் அந்தச் சொல்லுக்கு என்ன நடந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வடமொழியில் சம்பவம் என்றால் பிறப்பு, தோன்றுதல். தமிழில் அது நிகழ்ச்சி என்ற பொதுப் பொருளில்தான் வழங்கி வந்தது. காவல் துறையும் நாளிதழ்களும் கையில் எடுத்த பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. 'சம்பவ இடத்துக்கு விரைந்த போலீசார்', 'சம்பவத்தன்று இரவு', 'சம்பவ இடத்திலேயே பலியானார்.' கல்யாணம் நடந்த மண்டபத்தை யாரும் சம்பவ இடம் என்று எழுதுவதில்லை. முதல் தகவல் அறிக்கையின் மொழியிலிருந்து அடுத்த கைக்கு அது போனது. அந்த அறிக்கையில் யாருடைய பெயர் இருந்ததோ அவர்களுடைய கைக்கு. கொலை என்ற சொல்லை வாயால் சொல்லாமல் "சம்பவம் பண்ணிட்டான்" என்றார்கள். திட்டம் போடுவது 'ஸ்கெட்ச்' ஆனது. ஆயுதம் 'பொருள்' ஆனது. வடசென்னையைக் கதைக்களமாக எடுத்துக்கொண்ட படங்கள் இந்தப் பேச்சைத் திரைக்குக் கொண்டுபோயின. 2019 பொங்கலுக்கு வந்த 'பேட்ட'யில் ரஜினிகாந்த் "சிறப்பான தரமான சம்பவங்களை இனிமேதான் பாக்கப்போற" என்று சொன்னதும் அது ஒவ்வொரு கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. இப்போது நல்ல பிரியாணி ஒரு சம்பவம். கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் அதுவும் சம்பவம். பிறப்பு என்று தொடங்கிய சொல், கொலைக்குப் போய், பாராட்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

இதைப் பார்த்து "தமிழ் கெட்டுப்போச்சு" என்று வருத்தப்படுகிறவர்களிடம் நன்னூலைக் காட்டத்தான் எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி வைத்துக்கொள்ளும் பெயர் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று உரைகள் உதாரணம் காட்டும். உள்ளே போனால் பேச்சை வெளியே கொண்டுவருவதால் கள் சொல்விளம்பி! எந்த வேடன் முதலில் சொன்னானோ, இன்றைக்கு இருந்திருந்தால் அவனுடைய மீமுக்கு லைக் குவிந்திருக்கும். ரவுடியின் வாயில் 'சம்பவம்' இடக்கரடக்கலும் குழூஉக்குறியும் ஒன்றாகச் சேர்ந்தது. இலக்கணம் இதையெல்லாம் பிழை என்று ஒதுக்கவில்லை. வழக்கு என்று ஏற்று, பெயர் கொடுத்து உள்ளே வைத்திருக்கிறது.

பழைய குழூஉக்குறிக்கு ஒரு தொழில் வேண்டும், ஒரு பட்டறை வேண்டும். இன்றைய குழுவுக்கு ஒரே தகுதிதான்: எல்லாரும் ஒரே காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். சன் டிவியிலும் கே டிவியிலும் ஒரே நகைச்சுவைக் காட்சியை நாற்பது முறை பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே ஒரு பட்டறை ஆகிவிட்டது.

அந்தப் பட்டறையின் சின்னமாக நான் வைப்பது 'ஆணி'யைத்தான். 2001-இல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி. சுவரில் தேவையில்லாத ஆணியைப் பிடுங்குவதாகச் சொல்லும் ஆளிடம், நீ பிடுங்குவது பூராவுமே தேவையில்லாத ஆணிதான் என்று நொந்துபோய்ச் சொல்வார். அதே காலத்தில்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்து, பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அங்கே வேலைக்குப் போன இளைஞர்கள் இரவில் வலைப்பூ எழுதினார்கள். "ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி, அதான் எழுதல" என்று மன்னிப்புக் கேட்டார்கள். ஆணி என்றால் அலுவலக வேலை. யாரும் விளக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது.

ஏன் ஆணி? வேலைக்குத் தமிழில் சொல்லா இல்லை? பணி, தொழில், உத்தியோகம், பாடு என்று எத்தனையோ. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல், யாரோ ஒருவர் கேட்டார் என்பதற்காக ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு சொல் இல்லாமல்தான் இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 'என்னத்த புடுங்குற' என்பது தெருவில் சண்டைக்கு இழுக்கும் வசவு. அந்த வினைக்கு ஆணி என்று ஒரு செயப்படுபொருளை மாட்டியதும், மேலாளர் காது கேட்கும் தூரத்திலேயே சொல்லும்படி ஆகிவிட்டது. இதுவும் இடக்கரடக்கல்தான்.

ஒரு வசனம் நீடித்து நிற்பதற்கு இதுதான் வழி என்று நினைக்கிறேன். பிறந்த காட்சியை மறக்க வேண்டும். 'சந்திரமுகி'யில் (2005) பிரபு வேதனையோடு ரஜினியிடம் "என்ன கொடுமை சரவணன் இது" என்பார். சோகமான வசனம். 2007-இல் 'சென்னை 600028' படத்தில் பிரேம்ஜி அதை "என்ன கொடுமை சார் இது" என்று மாற்றினார். மாறியது ஒரே சொல். சரவணன் இருந்தவரை அது ஒரு படத்தின் வசனம். சரவணன் போய் சார் வந்ததும், பஸ் வராவிட்டாலும் சொல்லலாம், கரன்ட் போனாலும் சொல்லலாம்.

மறுபக்கத்துக்கு 'வலிமை அப்டேட்' சாட்சி. அஜித் படத்தைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்த ரசிகர்கள் கண்ணில் பட்டவரிடமெல்லாம் அதைக் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்டில், எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்தின் மொயின் அலியிடமும் கேட்டார்கள். அவர் 'வலிமை' என்றால் என்ன என்று அஸ்வினிடம் விசாரித்தார். ஊரே சிரித்தது. கடைசியில் அஜித்தே பொறுமை காக்கச் சொல்லி அறிக்கை விட்டார். 2022-இல் படம் வந்தது, கேள்வி அன்றோடு முடிந்தது. ஒரு காத்திருப்பின் மேல் மட்டும் நின்ற சொல், காத்திருப்பு தீர்ந்ததும் விழுந்துவிட்டது.

இதில் வடிவேலு ஏன் இத்தனை ஆழமாகப் போனார் என்பதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ரஜினியின் வசனங்கள் ஜெயித்தவன் சொல்பவை. "சிங்கம் சிங்கிளாத்தான் வரும்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் நாள் வருஷத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். கவுண்டமணியின் வசனங்கள் யாருக்கும் அடங்காமல் பதில் கொடுப்பவன் சொல்பவை. 'சூரியன்' படத்தில் (1992) வந்த "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" இன்றும் செய்தி பார்க்கும்போது தானாக வாயில் வருகிறது. வடிவேலுவோ அடி வாங்கியவன், பயந்ததை மறைப்பவன், வீம்புக்கு நின்று அவமானப்படுபவன். "நானும் ரவுடிதான்" என்று ஜீப்பில் ஏறும் அந்த ஆள் நமக்குள் தினமும் பத்து முறை எழுந்து உட்காருகிறான். 2011-க்குப் பிறகு பல ஆண்டுகள் அவருக்குப் படங்கள் அருகிப்போயின. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் அவர் முகம் ஒரு எழுத்து வடிவம் போலவே ஆகிப்போனது. சொல்லில் அடங்காததை அந்த முகத்தை அனுப்பிச் சொன்னோம்.

2019 மே மாதம் நடந்தது அதன் உச்சம். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட கட்டுமானப் பொறியியல் ஃபேஸ்புக் பக்கம் ஒன்று சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம் ஆள் ஒருவர் பதில் எழுதினார்: இதற்குப் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் அரண்மனையில் இதனால்தான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது. அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தது. நேசமணி யார், உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மற்ற நாட்டவர்கள் உண்மையான கவலையோடு கேட்டார்கள். பதினெட்டு வருஷம் முன்பு வந்த படத்தின் கதாபாத்திரம் என்று யாரும் உடைக்கவில்லை. உலகமே கேட்கும் இடத்தில் ஒரு மொழிக் கூட்டம் குழூஉக்குறியில் பேசி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற நாள் அது. அந்த வாரம் நான் அடைந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் சினிமாவுக்கு முன்பே இந்த ஊரில் ஒரு பெரிய சொல்பட்டறை இருந்தது. துறைமுகம், மீன்பிடிக் குப்பம், ரிக்‌ஷா ஸ்டாண்டு, மார்க்கெட். இங்கே பிறந்தவன் நான். அதைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிதானம் கொஞ்சம் குறையும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், கேள்வி காதில் சரியாக விழாமல் "இன்னா மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "இந்த பாஷைய உங்க வீட்டோட வச்சிக்கோ" என்றார். அந்த வருஷம் முழுக்க நான் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை.

அந்த பாஷையில் என்ன இருந்தது? 'நாஸ்தா', 'பேஜார்', 'பேமானி', 'கலீஜ்', 'மஜா' எல்லாம் பாரசீகம், அரபு, உருது வழியாக வந்தவை. சேப்பாக்கத்தில் நவாபும் திருவல்லிக்கேணியில் அவர் பரிவாரமும் குடியிருந்த ஊருக்கு அது இயல்பு. 'நைனா' தெலுங்கு. 'துட்டு' டச்சுக்காரர்களின் சிறு நாணயத்தின் பெயர்; இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில்தான் அவர்கள் கோட்டை கட்டியிருந்தார்கள். வசவுகளிலேயே மட்டமானது என்று எண்ணப்படும் 'கஸ்மாலம்' அழுக்கு, மயக்கம் என்று பொருள்படும் வடசொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்து, இந்த 'கச்மலம்' உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். குருக்ஷேத்திரத்தில் சொன்னால் உபதேசம், காசிமேட்டில் சொன்னால் கெட்ட வார்த்தை.

திரையிலும் அதே கதிதான். சந்திரபாபு, மனோரமா, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று மெட்ராஸ் பாஷையைப் பேசியவர்கள் பெரும்பாலும் சிரிக்க வைக்க வந்தவர்கள். அவர்கள் அதை அருமையாகப் பேசினார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் காதலிக்கவோ கோபப்படவோ செத்துப்போகவோ அந்த பாஷைக்கு உரிமை அரிதாகத்தான் கிடைத்தது. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) மாதிரிப் படங்களில்தான் முழுக் கதையின் கனத்தையும் அது தாங்கத் தொடங்கியது.

இதற்கிடையே 'மெர்சல்' தனியாக ஊர்சுற்றப் போய்விட்டது. எங்கள் தெருவில் மெர்சலாவது என்றால் மிரண்டுபோவது. இருட்டில் நாய் பாய்ந்தால் மெர்சல். 2015-இல் வந்த 'ஐ' படத்தின் பாட்டில் காதலியைப் பார்த்து மெர்சலானார்கள். 2017-இல் விஜய் படத்துக்கே அது தலைப்பு. இப்போது மெர்சல் என்றால் வியப்பு, அசத்தல். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைத் தட்டியில் 'மெர்சல் ஆஃபர்' என்று பார்த்தேன். அந்தக் கடையில் வேலை கேட்டுப் போகும் எங்கள் தெருப் பையன் இன்றும் 'இன்னா'வை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசுகிறான். சொல்லுக்குக் கிடைத்த மரியாதை, அதைப் பேசியவனுக்கு வந்து சேரவில்லை.

சம்பவம், மெர்சல் இரண்டும் ஒரே வழியில்தான் போயிருக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். அச்சத்திலிருந்து சிறப்புக்கு. கொலவெறி, கொலமாஸ், மரண மாஸ், வெறித்தனம், 'பயங்கரமா இருந்துச்சு' எல்லாமே அப்படி. இது போன் வந்து கெடுத்த பழக்கம் என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தின் உரியியலில் 'கடி' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று என்று பத்துப் பொருள் சொல்கிறது நூற்பா. மிகுதியும் சிறப்பும் அச்சமும் ஒரே சொல்லுக்குள், அதுவும் அடுத்தடுத்து. மனம் நடுங்கினால்தான் பெரிது என்று ஒப்புக்கொள்வது நமக்கு ரொம்பப் பழைய குணம்.

வெளிநாட்டிலிருந்து வந்த இணையச் சொற்களை நாம் என்ன செய்கிறோம் என்பதும் இதே கதையின் தொடர்ச்சிதான். 'பூமர்' அமெரிக்கச் சொல். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946 முதல் 1964 வரை அங்கே குழந்தைப் பிறப்பு பெருகியது. அந்தத் தலைமுறையின் பெயர் அது. 2019 வாக்கில் இளையவர்கள் அவர்களை எதிர்த்துப் பேச அந்தப் பெயரையே எடுத்தார்கள். சென்னைக்கு வந்து இறங்கியபோது போரும் இல்லை, பிறப்புக் கணக்கும் இல்லை. கேட்காமலே அறிவுரை சொல்கிறவர், 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கிறவர், பெண் பிள்ளையின் உடுப்பைப் பற்றிக் கருத்து சொல்கிறவர் எல்லாரும் பூமர். வயது கணக்கே கிடையாது. இருபத்திரண்டு வயது அண்ணனிடம் என் மகள் "பூமர் மாதிரி பேசாத" என்கிறாள். எதிர்த்துப் பேசினால் வாயாடி என்று பெயர் வாங்கும் வீடுகளில், அந்த ஒரு சொல் சின்னவர்களுக்குக் கேடயம் ஆகியிருக்கிறது. தேவை இருந்தது, எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கடன்களைத் தமிழ் எப்படி வாங்குகிறது என்று பார்க்க 2017 பிக் பாஸ் போதும். ஓவியா சொன்ன "நீங்க ஷட் அப் பண்ணுங்க" ஊரெங்கும் ஒலித்தது. ஆங்கிலத்தில் அது மூஞ்சிக்கு நேரே எறியும் கட்டளை. தமிழ் அதைப் பெயர்ச்சொல் போல எடுத்துப் பக்கத்தில் 'பண்ணு'வை வைத்து, 'ங்க' சேர்த்து மரியாதையும் கொடுத்துவிட்டது. வாயை மூடச் சொல்வதைப் பன்மை விகுதியோடு சொல்ல முடிகிறது! நாமாகச் செய்தால் 'பண்ணு', தானாக நேர்ந்தால் 'ஆகு': ட்ரோல் பண்றான், ட்ரிகர் ஆயிட்டான், வைப் ஆகுது. எந்த நாட்டுச் சொல் வந்தாலும் இந்த இரண்டு வாசலில் ஒன்று வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

வாசலே வேண்டாத சொற்களும் உண்டு. 'கலாய்' அப்படி. கலாய்க்கிறான், கலாய்ச்சான், கலாய்ப்பான் என்று துணையில்லாமல் மூன்று காலமும் நடக்கிறது. விஜய் டிவியின் 'லொள்ளு சபா' காலத்துக்குப் பிறகு அதைத் தெரியாத வீடே இல்லை. 'உருட்டு' இன்னும் உள்ளூர்க்காரன். கதை கட்டுகிறவனை இன்று "உருட்டுறான்" என்கிறார்கள், புதுச் சொல் என்று நினைத்துக்கொண்டு. உருட்டுப்புரட்டு என்று வஞ்சகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர்கள்தான்.

அன்றைக்கு அப்பாவுக்கு இதில் பாதியைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. மகள்தான் போனை அவர் கையில் கொடுத்து, அந்தக் கடைசி ஓவரைப் போட்டுக் காட்டி, "இதான் தாத்தா சம்பவம்" என்றாள். அவர் இரண்டு முறை பார்த்தார். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு, "நம்ம ஸ்டேஷன்ல நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம். எங்களுக்குள்ள அதுக்கு வேற பேரு" என்றார்.

"இன்னா பேரு தாத்தா?"

அவர் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "அது எங்க செட்டோட போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பேப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.